ஈசானி மூலையில் ஒரு கிணறு

புது வீடுகள் விற்கும் வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரக்கூடியது அதிகமில்லை. கடன் எப்படிக் கிடைக்கும், கையெழுத்து எங்கே போட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கரூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தேன். ஐசலினில் ஒரு புடவைக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது, வீடு கட்டி விற்கும் கம்பெனி ஒன்றின் மேனேஜர் தன் மனைவிக்குப் பட்டு வாங்க வந்தார். நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "எங்களிடம் வீடு பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் ஆட்கள். நீ வந்து அவர்களிடம் பேசு" என்றார். அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பயப்படுவது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் காரைத் திருப்புகிற ஆள் நான். "அம்மா, யூ வொரி டூ மச்" என்று சொல்லியே என் மகள் வளர்ந்தாள். எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு மழைக்குத் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் புகுந்த பிறகு, எந்த இடத்துக்குப் போனாலும் இங்கே மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்கிற பழக்கமும் வந்துவிட்டது. விற்பனைக்காரர்கள் தைரியசாலிகளாக இருக்க வேண்டும் என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். இருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பயந்தாங்கொள்ளிகளும் இந்தத் தொழிலில் பிழைக்கலாம். எந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்வது என்று தெரிந்தால் போதும். எனக்கு அது தெரிந்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில், சோளம் விளைந்துகொண்டிருந்த ஒரு பண்ணையை எங்கள் கம்பெனி வாங்கியது. நாற்பது வீடுகள் கட்டுவதாகத் திட்டம். சுற்றிலும் பழைய வீடுகள், குதிரை லாயம், இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய ரோடு. ஊர் நிர்வாகமான டவுன்ஷிப் அனுமதி கொடுப்பதற்கு முன்பு ஊர்க்காரர்களிடம் திட்டத்தைக் காட்ட வேண்டும் என்று தீயணைப்பு நிலையத்து ஹாலில் ஒரு கூட்டம் போட்டார்கள். என்னைக் காபி மேஜையருகே நிற்கச் சொல்லியிருந்தார் மேனேஜர்.

ஊர்க்காரர்கள் கோபத்தோடுதான் வந்திருந்தார்கள். பள்ளிக்கூட பஸ் அந்த வளைவில் எப்படித் திரும்பும் என்றார் ஒருவர். உங்கள் தெருவிளக்கெல்லாம் என் படுக்கையறையில் எரியும் என்றார் இன்னொருவர். துரத்தப்படுகிற மான்கள் எங்கே போகும், எங்கள் காரின் மேல்தான் வந்து விழும் என்றார் வேறொருவர். கடைசியில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் எழுந்தாள். பெயர் லொரெய்ன். ஐம்பது வயதிருக்கும். பண்ணையை ஒட்டிய நிலம் அவளுடையது. ரோட்டோரத்தில் கொட்டகை போட்டுத் தக்காளியும் சோளமும் விற்கிறவள்.

அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன். "எனக்கு ஒரே கேள்வி. எங்களுக்கு டவுன்ஷிப் தண்ணி கிடையாது. எனக்குக் கிணறுதான், அதுவும் ஆழமில்லாத கிணறு. உங்க மழைநீர்க் குளம் எங்கே வருது?"

நாற்பது வீட்டுக் கூரையிலும் தெருவிலும் விழுகிற மழையைத் தேக்க ஒரு குளம் வெட்டுவார்கள். பனிக்காலத்தில் உறைபனி உருகுவதற்காக ரோட்டில் கொட்டுகிற உப்பு, புல்லுக்குப் போடுகிற மருந்து, கார்களிலிருந்து சொட்டுகிற எண்ணெய் எல்லாம் கடைசியில் அதில்தான் போய்ச் சேரும். எங்கள் இன்ஜினியர் வரைபடத்தில் தென்மேற்கு மூலையைக் காட்டினார். அதற்கு அப்பால் சதுப்பும் காடும்தான். லொரெய்னின் வீடு நேர் எதிரே, வடகிழக்கில்.

"சரி" என்று உட்கார்ந்துவிட்டாள். அந்த ஹாலில் அன்று கேட்ட ஒரே "சரி" அதுதான்.

அனுமதி வருவதற்கு முன்பே வீடுகளுக்குப் பெயர் கொடுத்து வைக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நம் ஆட்கள் வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும். காரிலிருந்து இறங்கியதும் மற்றவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள், நம்மவர்கள் உள்ளங்கையில் காம்பஸை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். கிழக்குப் பார்த்த மனைகள் ஒரே வாரத்தில் தீர்ந்துபோயின. எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் அடுத்தடுத்து எடுத்தன. அதில் முன்னால் நின்று பேசுகிறவர் முரளி, சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. சாஃப்ட்வேரில் எந்தப் பிழையையும் கண்டுபிடித்துவிடுவார், மாமனாரிடம் மட்டும் எதிர்த்துப் பேச மாட்டார். இன்னொரு ஜோடி கோயம்புத்தூர் செந்தில், கவிதா.

ஒரு நாள் முரளி எங்கள் அலுவலகத்துக்கு ஒரு ஃபாக்ஸோடு வந்தார். அலுவலகம் என்றால் சக்கரம் வைத்த ஒரு ட்ரெய்லர். மனைப் படத்தைச் சென்னையில் இருக்கும் மாமனாருக்கு அனுப்பியிருக்கிறார். அவர் வாஸ்து பார்க்கிறவரிடம் காட்டி, குளத்தைச் சுற்றிப் பெரிதாக வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"அக்கா, கன்னி மூலைல பள்ளம் இருந்தா குடும்பத் தலைவனுக்கே ஆகாதாம். குளத்தை ஈசானி மூலைக்கு மாத்திட்டாப் போதுமாம். சிம்பிள் சேஞ்ச்."

"சிம்பிளா தம்பி? குத்துவிளக்கா அது, தூக்கி இந்தப் பக்கம் வைக்கிறதுக்கு?"

"பில்டர்கிட்ட புல்டோசர் இருக்குல்ல, அக்கா. எட்டு ஃபேமிலியும் இதே கன்டிஷன்தான். இல்லன்னா வித்ட்ரா பண்ணிடுவோம்."

நான் அவர்களைக் கேலி செய்யவில்லை. தெற்குப் பார்த்த வாசல் என்பதற்காக நல்ல அபார்ட்மென்ட்டை விட்டுவிட்டு வந்தவள் நான். கன்னி மூலை என்றால் தென்மேற்கு, அது மேடாக இருக்க வேண்டும். ஈசானி என்றால் வடகிழக்கு, தண்ணீர் அங்கேதான் இருக்க வேண்டும். இது என் ரத்தத்திலும் ஊறியதுதான். ஃபாக்ஸை மேனேஜரிடம் கொடுத்தேன். பண்ணையின் நடுவில் லேசான மேடு, தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடக்கூடிய நிலம். மண்ணைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் குளம் எந்தப் பக்கமும் வரும் என்றார் இன்ஜினியர். எட்டு வீட்டை யார் விடுவார்கள்? அடுத்த வாரம் புதுப் படம் வந்துவிட்டது. குளம் வடகிழக்கில்.

படத்தைப் பார்த்ததும் லொரெய்னின் கிணறுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த மூலையில் வேலிக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது? படத்தில் வெறும் வெள்ளை. படம் போடுகிறவர்கள் தங்கள் எல்லையோடு நிறுத்திக்கொள்வார்கள். சோளம் வாங்குகிற சாக்கில் லொரெய்னின் கொட்டகைக்குப் போனேன். கொட்டகைக்குப் பின்னால், எங்கள் வேலியிலிருந்து கல்லெறி தூரத்தில், சிமென்ட் மூடி போட்ட கிணறு. அதன் மேல் பச்சைப் பெயின்ட் அடித்த கைப்பம்பு.

"நீ அந்தக் காபி மேஜைப் பொண்ணுதானே?" என்றாள் லொரெய்ன். "புதுப் படத்தை டவுன்ஷிப் ஆபீஸ்ல ஒட்டியிருக்காங்க, பார்த்தேன். ஏன் மாத்தினீங்கன்னு கேட்டா யாரும் பதில் சொல்லலை."

"வாங்குறவங்க கேட்டாங்க."

"எதுக்கு?"

எனக்கு ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம். அதில் ஈசானி மூலையை எப்படிச் சொல்வது? "அவங்களுக்குத் தண்ணி அந்தத் திசையில இருக்கணும்" என்றேன்.

அவள் கிணற்றின் பக்கம் கையைக் காட்டினாள். "எனக்கும் அந்தத் திசையிலதான் தண்ணி இருக்கு. இது கெட்டா நான் கொட்டகையை மூட வேண்டியதுதான். வேற ஆழமான கிணறு வெட்ட எனக்கு வசதி இல்லை." சோளத்தைப் பையில் போட்டு, ஒன்று கூடுதலாகவும் வைத்தாள். அந்தக் கூடுதல் சோளம்தான் என்னை ஒரு வாரம் தின்றது.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

"வள்ளி, அடுத்த வாரம் டவுன்ஷிப் போர்டு விசாரணை, அனுமதி அங்கேதான் முடிவாகும். ஊர்க்காரங்க குளத்தைப் பிடிச்சுக்குவாங்க. நீ எழுந்து பேசணும்."

"என்ன பேசணும், சார்?"

"குளம் அந்த மூலையில இருக்கணும்கிறது உங்க மதக் கட்டாயம்னு சொல்லு. அவ்வளவுதான். மதம்னு ஒரு வார்த்தை விழுந்தா, பாகுபாடு பாக்கறவங்கன்னு பேர் வந்துடும்னு பயந்து அந்த ஹால்ல ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

"அது மதம் இல்லைங்க. பழக்கம்."

"அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"எனக்குத் தெரியுமே. அந்தக் கிணறு?"

"விதிப்படி போதுமான தூரம் இருக்குன்னு இன்ஜினியர் சொல்றார்."

"அப்ப அதையே சொல்லலாமே, சார்."

"தூரம்னு சொன்னா கேள்வி கேப்பாங்க. மதம்னு சொன்னா கேக்க மாட்டாங்க."

மோசமான மனிதர் இல்லை அவர். என் மகள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, லீவு கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்தவர். அவருக்கு விற்க வேண்டிய வீடுகள் இருந்தன. எனக்கு இரண்டு பயங்கள். மாட்டேன் என்றால் வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என்ன தெரியுமா? வீடு விற்றதும் எங்கள் ட்ரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவோம். அந்த எட்டுக் குடும்பமும் அங்கேயே இருக்கும். பிள்ளைகள் அந்த வளைவில்தான் பஸ்ஸுக்கு நிற்கும். பனியில் கார் மாட்டிக்கொண்டால் லொரெய்னின் கதவைத்தான் தட்ட வேண்டும். சாமி பேரைச் சொல்லி என் கிணற்றைக் கெடுத்தவர்கள் என்று அவள் நினைத்துவிட்டால், அந்தக் கதவு முப்பது வருஷத்துக்குத் திறக்காது. அந்தப் பேச்சைப் பேசியவள் நானாக இருப்பேன்.

இரண்டு பயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேலை போனால் புடவைக் கடை இருக்கிறது. இரண்டாவதற்குப் போக்கிடம் இல்லை.

"நான் அதைச் சொல்ல மாட்டேன், சார். வர்ற சனிக்கிழமையை மட்டும் எனக்குக் கொடுங்க. குளத்தை மாத்தச் சொன்னவங்களே திரும்ப வைக்கச் சொன்னா உங்களுக்கு நல்லதுதானே?"

"அவங்க வாங்காமப் போயிட்டா?"

"என்னை அனுப்பிடுங்க."

குரல் நடுங்கிற்று. நடுங்கினாலும் சொல்லிவிடலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமை ஐந்து குடும்பங்கள் வந்தன. "லொகேஷன் பாக்கலாம்" என்றுதான் வரச்சொல்லியிருந்தேன். நேராக லொரெய்னின் கொட்டகைக்குக் கூட்டிப்போனதும் முரளிக்கு முகம் மாறியது. "என்னக்கா, பஞ்சாயத்து வெக்கிறீங்களா?"

"வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க, தம்பி. பஞ்சாயத்து அப்புறம்."

லொரெய்ன் கைப்பம்பை அடித்து, ஊறுகாய் பாட்டில் மாதிரியான கண்ணாடி ஜாடிகளில் தண்ணீர் கொடுத்தாள். கவிதா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏனுங்க, குடிச்சுப் பாருங்க. எங்கூருச் சிறுவாணித் தண்ணியாட்டவே இருக்குது."

"கோயமுத்தூர்காரங்க எங்க போனாலும் சிறுவாணியத் தூக்கிட்டே வருவீங்களா?" என்றார் முரளி. ஆனாலும் இரண்டாவது ஜாடி வாங்கிக் குடித்தார்.

லொரெய்ன் சுற்றி வளைக்கவில்லை. "உங்க வீடுகள் வர்றதுல எனக்கு இஷ்டமில்லை. பக்கத்துல சோளக்காடு இருந்தது, அதுவே எனக்குப் போதும். ஆனா வரும்னு தெரியும். நான் கேட்கிறது ஒண்ணுதான், இந்தத் தண்ணிக்குப் பக்கத்துல உங்க அழுக்குத் தண்ணி வேண்டாம். அந்த மூலையில பள்ளம் இருந்தா உங்களுக்கு என்னதான் ஆகும்? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

முரளி தயங்கித் தயங்கி, தென்மேற்கில் பள்ளம் இருந்தால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது என்று விளக்கினார்.

"என் புருஷன் என்னை விட்டுட்டுப் போனப்போ அந்த மூலையில குளமே இல்லையே" என்றாள் லொரெய்ன்.

சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளே முதலில் சிரித்தாள்.

அதற்குப் பிறகு பேச்சு வளர்ந்தது. ஒருவர் ரீசேல் வேல்யூ என்றார். ஒருவர் நாங்கள் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்றார். செந்தில் எங்கள் நிலத்து மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்ளுக்குள் புடவைக் கடை முதலாளிக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கவிதா முரளியின் கையிலிருந்து காம்பஸை வாங்கிக்கொண்டு வேலியோரமாக நடந்தாள். எங்கள் நிலத்தைப் பார்த்தாள், திரும்பிக் கிணற்றைப் பார்த்தாள்.

"அண்ணா, ஈசானில தண்ணி இருக்கோணும். அவ்வளவுதானுங்களே?"

"ஆமா."

"இருக்குதுங்களே. இந்தக் கெணறு நம்ம எடத்துக்கு நேர் ஈசானிலதானுங்க இருக்குது."

"அது நம்ம லேண்ட் இல்லையே, கவிதா."

"ஊருக் கெணறு நம்ம பட்டாலயா இருக்குது? ஊருக்கு ஈசானில கெணறு இருந்தா ஊருக்கே நல்லதும்பாங்க எங்கப்பா. நல்ல தண்ணி இருக்கற மூலையில போயி நாமளே சாக்கடைய வெட்டறமுங்களே, அது மட்டும் ஆகுங்களா?"

இது எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். நான் கிணற்றைப் பற்றிப் பயந்தேன், காம்பஸைப் பற்றி யோசிக்கவில்லை.

அப்போதுதான் செந்தில் வாயைத் திறந்தார். "பழைய எடத்துலயே குளம் வெட்டி, அந்த மண்ண வெளிய கொண்டுபோகாம, வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவுல மேடாப் போடச் சொல்லலாம். கன்னி மூலை ஒசந்துருமல்லோ?"

முரளி நெற்றியைத் தடவினார். "மாமனார்கிட்ட யாரு சொல்றது?"

"இந்தியாவுக்குப் பேசக் காலிங் கார்டு நான் வாங்கித் தரேன், தம்பி" என்றேன்.

மறுநாள் மதியம் முரளியிடமிருந்து போன். வாஸ்துக்காரர் ஒத்துக்கொண்டாராம். எல்லைக்கு வெளியே இருந்தாலும் ஈசானித் தண்ணீர் ஈசானித் தண்ணீர்தானாம். ஒரே நிபந்தனை, அந்தத் தண்ணீர் கெடக் கூடாது. கெட்டால் மொத்தக் குடியிருப்புக்கும் ஆகாதாம்.

"மாமனார் எங்கிட்டயே கோவிச்சுக்கறாருக்கா. இப்படி ஒரு கிணறு இருக்குன்னு நான் மொதல்லயே ஏன் சொல்லலையாம்."

விசாரணை நாளில் ஹால் நிறைந்திருந்தது. குளத்தின் முறை வந்ததும் முரளி எழுந்தார். எங்களுக்காகத்தான் குளத்தை மாற்றினார்கள், அதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகச் சொல்லி நாங்களே கேட்கிறோம் என்றார். போர்டில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏன் இந்த மாற்றம் என்றார். "வடகிழக்கில் இருக்கிற தண்ணீரைக் கெடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம்" என்றார் முரளி. மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் காபி மேஜையைப் பார்த்துக்கொண்டேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தெருவிளக்குகளைக் குட்டையாக்கச் சம்மதித்தார்கள். பஸ் வளைவு அப்படியேதான் இருந்தது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது. மான்களைப் பற்றி யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சனிக்கிழமை வராத மூன்று குடும்பங்களில் இரண்டு விலகிக்கொண்டன. மேனேஜர் என்னை அனுப்பவில்லை. ஆனால் வெகுநாள் வரைக்கும் என்னிடம் வெயில் மழை தவிர வேறெதுவும் பேசவில்லை. பிறகு ஒரு நாள், இன்னொரு பண்ணையின் படத்தை என் மேஜையில் விரித்தார். "எல்லைக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குன்னு போய்ப் பார்த்துட்டு வா" என்றார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு இடத்திலும் விற்பனைக்கு முன் எனக்கு அதுதான் முதல் வேலை.

உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். படத்தில் வெள்ளையாக இருக்கிற இடத்துக்கு நடந்து போங்கள். அங்கே இருக்கிறவரிடம் நேரில் சொல்ல முடியாத எதையும் வாங்குகிறவர்களிடமும் சொல்லாதீர்கள். அதைச் சொல்லச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். குரல் நடுங்கட்டும், பரவாயில்லை.

அந்தக் குடியிருப்பில் முதல் கிரகப்பிரவேசம் கவிதா வீட்டில்தான், ஒரு வைகாசி மாதம். விடிந்தும் விடியாத நேரத்தில் பட்டுப்புடவையும் பித்தளைக் குடமுமாக அவள் லொரெய்னின் கொட்டகை முன்னால் நின்றாள். துணைக்கு நான். லொரெய்ன் பூட்ஸோடு வெளியே வந்தாள்.

"உங்களுக்குத்தான் டவுன்ஷிப் தண்ணி வருதே?"

"வருது. ஆனா வீட்டுக்குள்ள போற முதல் தண்ணி இதுதான்" என்றாள் கவிதா.

லொரெய்ன் குடத்தை வாங்கி, பம்புக்குக் கீழே வைத்து அடிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "உங்க ஆளுங்க மொத்தம் எத்தனை வீடு?"

"இப்போதைக்கு ஆறு."

"பம்பு அடிக்கக் கையுறை வாங்கி வெக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடித்தாள்.

கவிதாவுக்கு இடுப்பில் குடம் வைத்துப் பழக்கமில்லை. தண்ணீர் தளும்பிப் புடவையில் வழிந்தது. லொரெய்ன் பின்னாலேயே வந்தாள். புல்டோசர் வந்த நாளிலிருந்து அந்த வேலியை அவள் தாண்டியதில்லை. அன்று தாண்டினாள்.

"பார்த்து நட, சிந்தாதே" என்றாள். "அது என் தண்ணி."